உறங்கும் காரை எழுப்பாமல் அளத்தல்: யூனி-டி யூடி210ஈ கிளாம்ப் மீட்டர்

நிறுத்திவைத்த காரின் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அறிய, யூனி-டி நிறுவனத்தின் யூடி210ஈ என்னும் சிறிய கிளாம்ப் மீட்டரை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு கையில் அடங்கும் இக்கருவி ஏசி, டிசி மின்னோட்டங்கள் இரண்டையும், கேபிளை அறுக்காமலும் கழற்றாமலும், வெளியிலிருந்து கவ்விப் பிடித்தே அளக்கிறது. 2, 20, 100 ஆம்பியர் என மூன்று அளவுநிலைகள் இதில் உள்ளன. அவற்றுள் 2 ஆம்பியர் நிலையில் 1 மில்லி ஆம்பியர் வரை பிரித்துக் காட்டும். பேட்டரி டிரெயின் எனப்படும் மின்கசிவைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு இதைப் பரிந்துரைப்பதற்கான காரணம் முழுவதும் அந்த ஒரு நிலையில்தான் இருக்கிறது. மற்ற வசதிகளில் இது நடுத்தரமான மீட்டர். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இன்றைய கார், சாவியை எடுத்தவுடன் முழுவதுமாக அணைந்துவிடுவதில்லை. கதவு, இருக்கை, ஏர்பேக், பிரேக், ஆடியோ என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கணினிகள் உள்ளன. அவை கேன் எனப்படும் இரட்டைக் கம்பித் தொடர்பின் வழியே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன. வண்டியைப் பூட்டிய பின் அவை ஒவ்வொன்றாக உறக்கநிலைக்குச் செல்லச் சில வண்டிகளில் 10 நிமிடம் போதும். சிலவற்றில் 40 நிமிடமோ ஒரு மணி நேரமோ ஆகும். எல்லாம் உறங்கிய பின் எஞ்சும் மின்னோட்டம் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கடிகாரம், திருட்டுத் தடுப்பு அமைப்பு, ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர் ஆகியவை அதைக் கொண்டே உயிரோடு இருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு கணினி உறங்க மறுத்தாலும், அது கம்பியில் விடாமல் அனுப்பும் செய்திகள் மற்றவற்றையும் விழித்திருக்கச் செய்யும் என்பதால், மின்னோட்டம் சில நூறு மில்லி ஆம்பியரிலோ ஆம்பியர் கணக்கிலோ நின்றுவிடும்.

பேட்டரியின் கொள்ளளவோடு வைத்துப் பார்த்தால்தான் இந்த எண்களின் கனம் விளங்கும். 50 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 50 மில்லி ஆம்பியர் போனால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி குறையும். பாதி தீர ஏறத்தாழ 20 நாள் ஆகும். அதே பேட்டரியிலிருந்து 300 மில்லி ஆம்பியர் போனால் மூன்றரை நாளில் பாதி காலியாகிவிடும். 1 ஆம்பியர் என்றால் ஒரே நாள்தான். பாதிக்குக் கீழே இறங்கிய லெட் ஆசிட் பேட்டரி செல்ஃப் எடுக்கத் திணறும். திரும்பத் திரும்ப அப்படி இறங்கினால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து கொள்ளளவே சுருங்கிப்போகும். கசிவைக் கண்டுபிடிக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால், புதிய பேட்டரியும் சில மாதங்களில் பழையதன் நிலையை அடைந்துவிடுவது இதனால்தான்.

இதை அளக்கப் பரவலாகச் சொல்லப்படும் வழி, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் இடையே மல்டிமீட்டரைத் தொடராக இணைப்பது. விளக்குகளும் ரேடியோவும் மட்டுமே இருந்த காலத்துக் கார்களுக்கு அது சரியான வழி. இன்றைய வண்டியில் முனையைக் கழற்றிய கணமே எல்லாக் கணினிகளும் மின்சாரம் இழந்து, மீட்டரை இணைத்ததும் முதலிலிருந்து தொடங்குகின்றன. உறங்காமல் சிக்கிக்கிடந்த கணினியும் அவற்றோடு புதிதாகத் தொடங்கி, அன்றைக்கு ஒழுங்காக உறங்கிவிடுகிறது. தூளியில் குழந்தை தூங்குகிறதா என்று பார்க்கத் தூளியையே அவிழ்ப்பதைப் போன்றது இது. அளவு சரியாக இருக்கிறது, கோளாறு எதுவும் இல்லை என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து அது மீண்டும் நின்றுவிடும். இணைக்கும் தருணத்தில் பாயும் சில ஆம்பியர், மீட்டரின் மில்லி ஆம்பியர் துளைக்குரிய சிறிய ஃபியூஸை எரித்துவிடுவதும், அந்தத் துளையின் உள்தடையால் வண்டிக்குச் சேரும் வோல்டேஜ் குறைந்து சில கணினிகள் விபரீதமாக நடந்துகொள்வதும் இதே முறையின் மற்ற இடர்கள்.

கிளாம்ப் மீட்டர் இவை எதையும் செய்வதில்லை. கோளாறு இருக்கும் நிலையிலேயே, பேட்டரி இணைப்பைத் தொடாமல், மைனஸ் கேபிளைக் கவ்வி எண்ணைப் படிக்கலாம். இடையில் யாராவது கதவைத் திறந்து மின்னோட்டம் 10 ஆம்பியரைத் தாண்டினாலும் திரை அளவு மீறியதைக் காட்டுமே தவிர, எரிந்துபோக வழியில் ஒரு ஃபியூஸ்கூட இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, துல்லியத்தில் இதைவிடப் பல மடங்கு உயர்ந்த மல்டிமீட்டர் கையில் இருந்தாலும், முதல் அளவை இதில்தான் எடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அளப்பதற்கு முன்னுள்ள ஆயத்தம் மீட்டரைவிட முக்கியமானது. பானெட்டைத் திறந்துவைத்தபடி அளப்பதால், அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியிருப்பதாக வண்டியை நம்பவைக்க வேண்டும். பின் இருக்கைக்கு அடியிலோ டிக்கியிலோ பேட்டரி இருக்கும் வண்டிகளில் கதவுப் பூட்டுக்கும் இதையே செய்ய வேண்டும். ரிமோட் சாவியைப் பல மீட்டர் தூரத்தில் வைத்துவிட வேண்டும். சாவி அருகில் இருந்தால் சில வண்டிகள் உறங்கவே மாட்டா. ஓபிடி எனப்படும் பழுதறியும் துளையில் செருகிய ஸ்கேனர், புளூடூத் அடாப்டர் எதுவானாலும் கழற்றிவிட வேண்டும். அந்தத் துளையின் 16ஆம் முனையில் சாவி இல்லாத நேரத்திலும் பேட்டரி மின்சாரம் இருக்கும். அதில் நிரந்தரமாகச் செருகிவைத்த அடாப்டர் தானும் மின்சாரம் குடிப்பதோடு, சில வண்டிகளில் கணினிகளையும் உறங்கவிடாமல் வைத்திருக்கும். நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் டேஷ் கேமராவும் இதே வகைதான். கழற்றும் முன் ஓர் அளவும் கழற்றிய பின் ஓர் அளவும் எடுத்தால், பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடக்கூடும்.

இனி மீட்டரின் பலவீனம். டிசி மின்னோட்டத்தைக் கவ்வி அளக்கும் கருவிகள் ஹால் உணரியால் இயங்குகின்றன. கேபிளைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைத்தான் அவை உணர்கின்றன. 50 மில்லி ஆம்பியர் உண்டாக்கும் காந்தப்புலம் மிகச் சிறியது என்பதால், பூமியின் காந்தப்புலம், அருகிலுள்ள இரும்பு, கருவியின் வெப்பநிலை, கவ்வியின் உள்ளகத்தில் எஞ்சிய காந்தத்தன்மை ஆகிய ஒவ்வொன்றும் எண்ணை நகர்த்தும். கருவியைக் கையில் வைத்துத் திசை மாற்றினாலே, கேபிள் எதுவும் இல்லாமல், திரையில் எண் ஏறி இறங்குவதைக் காணலாம். புதிதாக வாங்கியவர் இதைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. இவ்வகைக் கருவிகளின் இயல்பு இது. கேபிளுக்கு மிக அருகில், எந்தத் திசையில் கவ்வப்போகிறோமோ அதே திசையில், கவ்வியை வெறுமையாக மூடி வைத்து ஜீரோ பொத்தானை அழுத்திவிட்டு, உடனே கேபிளைக் கவ்வ வேண்டும். அளவு எடுக்கும் முன் திரையில் டிசி குறி இருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எண்ணின் மீது ஐயம் இருந்தால் கவ்வியைத் திருப்பிப்போட்டு மறுமுறை அளப்பது நல்லது. ஒரு பக்கம் 47 என்றும், திருப்பிப்போட்டால் கழித்தல் 31 என்றும் காட்டினால், இரண்டுக்கும் இடையேயுள்ள 78இல் பாதியான 39 மில்லி ஆம்பியரே உண்மையான மின்னோட்டம். மீதி 8 கருவியின் சொந்தப் பிழை. எஞ்சிய காந்தத்தன்மையை இம்முறை நீக்கிவிடும். ஆனால் வெளிக்காந்தப்புலத்தின் பங்கு, கருவியைத் திருப்பும்போது மின்னோட்டத்தைப் போலவே தானும் குறி மாறிவிடுவதால், இம்முறையில் நீங்காது. அதற்கு ஜீரோ செய்த இடத்தையும் திசையையும் மாற்றாதிருப்பதே வழி. இவ்வளவு கவனித்தாலும் கடைசி இலக்கத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. 35க்கும் 42க்கும் உள்ள வேறுபாட்டை இக்கருவி உறுதியாகச் சொல்லாது; 40க்கும் 300க்கும் உள்ள வேறுபாட்டை ஐயமின்றிச் சொல்லும். நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்வதும் போதாது. நான் பார்த்த ஒரு வண்டியில் மின்னோட்டம் 28 மில்லி ஆம்பியரில் அமைதியாக நின்றது. அந்த நேரத்தில் பார்த்த எவரும் வண்டி நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார்கள். சில நிமிடங்கள் கழித்து எண் 600ஐ எட்டி, சற்று நேரம் அங்கேயே இருந்து, படிப்படியாக இறங்கி மீண்டும் 28க்கு வந்தது. பின்னர் அதே சுழற்சி தொடர்ந்தது. நேரத்தில் கால் பங்கு 600, மீதி 28 என்று கொண்டால் சராசரி 170 மில்லி ஆம்பியருக்கு மேல் வருகிறது. பேட்டரிக்குத் தெரிவது இந்தச் சராசரிதான். டிக்கிக் கதவின் பூட்டுக்குள் இருக்கும் சிறிய சுவிட்ச் தேய்ந்து, கதவு திறந்ததாகவும் மூடியதாகவும் மாறி மாறிச் செய்தி அனுப்பி, உறங்கிய கணினியை எழுப்பிக்கொண்டிருந்தது. பேட்டரி முனையைக் கழற்றி அளந்திருந்தாலும் இந்தக் கோளாறு நீங்கியிருக்காது; ஆனால் உறக்கத்துக்காக மறுபடியும் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்திருக்கும், பொறுமை இழந்தவர் 28ஐப் பார்த்ததும் எழுந்து போயிருப்பார்.

இப்படி நீண்ட நேரம் கவனிக்கும் வேலையில் யூடி210ஈ நமக்கு முழுத் துணையாக இல்லை. அளவுகளை வரிசையாகப் பதிந்து வைக்கும் வசதி இதில் கிடையாது. சற்று நேரம் எதையும் தொடாமல் விட்டால் மின்சிக்கனத்துக்காகத் தானே அணைந்துவிடும். மறுபடி இயக்கினால் ஜீரோவும் புதிதாகச் செய்ய வேண்டும். செலக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி குமிழைத் திருப்பி இயக்கினால் தானாக அணையாது. இந்த வேலைக்கு எப்போதும் அப்படியே தொடங்க வேண்டும். பதிவு வசதி இல்லாத குறைக்கு, கைப்பேசியை மீட்டரின் திரைக்கு எதிரே நிறுத்தி, இடைவெளி விட்டுப் படமெடுக்கும் முறையில் ஒரு மணி நேரம் ஓடவிடுவது போதுமான மாற்று. மீட்டரில் இருப்பது இரண்டு ஏஏஏ பேட்டரிகள் மட்டுமே. அவற்றைப் புதிதாகப் போட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

கசிவு உண்டென்று தெரிந்த பின், எந்தச் சுற்றில் என்று தேடும்போது இக்கருவியின் அருமை இன்னொரு முறை தெரியும். பிளஸ் முனையிலிருந்து பிரியும் கேபிள்கள், இன்ஜின் பக்க ஃபியூஸ் பெட்டிக்கு ஒன்று, உட்புறப் பெட்டிக்கு ஒன்று, ஆல்டர்னேட்டருக்கு ஒன்று எனச் சிலவே இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்த்தால், எந்தக் கிளை வழியே போகிறது என்பது நிமிடங்களில் தெளிவாகிவிடும். ஆல்டர்னேட்டர் கேபிளைத் தவறாமல் பார்க்க வேண்டும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் அதன் டயோடு பழுதாகி மின்சாரம் பின்னோக்கி ஓடினால், உட்புறப் பெட்டியின் ஃபியூஸ்களை எல்லாம் பிடுங்கிப் பார்த்தாலும் கசிவு நிற்காது. ஏனெனில் அந்தப் பாதை அவற்றின் வழியே செல்வதில்லை. இன்ஜின் அணைந்திருக்கும்போது அந்தக் கேபிளில் நூறு மில்லி ஆம்பியர் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கிளையை அறிந்த பிறகு, எந்த ஃபியூஸ் என்று காண வேண்டும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது இங்கும் பிழையான பழக்கம்; பிடுங்கும்போது ஒரு கணினி அணைந்து, செருகும்போது விழித்து, மற்றவற்றையும் எழுப்பிவிடும். அதற்குப் பதிலாக, பிளேடு ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டர் முனைகளை வைத்து, அதன் குறுக்கே விழும் மில்லி வோல்ட்டை அளக்கலாம். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் சுழியம் காட்டும். இதில்தான் யூடி210ஈ கைவிடுகிறது. இவ்வளவு சிறிய வோல்டேஜை இது நம்பகமாகக் காட்டாது. 10 ஆம்பியர் மினி ஃபியூஸின் தடை சுமார் 7 முதல் 8 மில்லி ஓம். அதில் 100 மில்லி ஆம்பியர் ஓடினால் விழுவது முக்கால் மில்லி வோல்ட் மட்டுமே. 30 ஆம்பியர் ஃபியூஸின் தடை இன்னும் குறைவு. அதில் விழுவது அதைவிடவும் சிறிது. ஆகவே 0.1 மில்லி வோல்ட்டையாவது, இயன்றால் 0.01 மில்லி வோல்ட்டையும் நம்பகமாகக் காட்டும் தனி மல்டிமீட்டர் ஒன்று இதன் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒரே கருவியில் எல்லா வேலையும் முடியும் என்று எண்ணி இதை வாங்குவோர் ஏமாற்றமடையும் இடம் இதுவே.

கவ்வியின் திறப்பு 17 மில்லிமீட்டர். குறுகலான இடங்களுக்குள் நுழைய இச்சிறுமை உதவுகிறது. பெரிய கிளாம்ப் மீட்டர்கள் எட்ட முடியாத ஃபியூஸ் பெட்டியின் பின்புற ஒயர்களையும் தனியே பிரித்துக் கவ்வ முடிகிறது. ஆனால் மைனஸ் முனையில் பேட்டரி உணரி பொருத்திய வண்டிகளில் கேபிள் தடிப்பாகவும், உணரிக்கும் பாடி எர்த்துக்கும் இடையே வெளியே தெரியும் நீளம் குறைவாகவும் இருக்கும். இரண்டு கேபிள்கள் ஒரே முனையில் சேர்ந்திருந்தால் இரண்டும் கவ்விக்குள் வர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் கிடைக்கும் எண் பொய். கவ்வியை முழுவதும் மூடாமல் எடுத்த அளவும் அவ்வாறே பொருளற்றது.

மற்ற வேலைகளில் இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் பல வண்டிகளில் நூறு ஆம்பியரைத் தாண்டிவிடும் என்பதால் அதை அளக்க இது உதவாது. ஆனால் வோல்ட் அளவில் நிறைவாக இருக்கிறது. ஓய்ந்த பேட்டரியில் 12.6 வோல்ட் முழுச் சார்ஜையும், 12.2 ஏறத்தாழப் பாதியையும், 12.0க்குக் கீழ் அபாயத்தையும் குறிக்கும். கசிவைத் தேடும் முன் இதைப் பார்த்து, வேண்டுமானால் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும். வோல்டேஜ் குறைந்த வண்டியில் கணினிகள், உண்மையில் இல்லாத கோளாறுகளை எல்லாம் பதிந்து வைத்திருக்கும், ஸ்கேனரில் வரும் நீண்ட பட்டியல் நம்மைத் திசைதிருப்பிவிடும். செல்ஃப் எடுக்கும்போது பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் எர்த் இணைப்பைக் கழற்றித் துருவைச் சுரண்டிச் சரிசெய்ய வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின், ஓபிடி துளையின் 6, 14ஆம் முனைகளுக்கு இடையே தடையைப் பார்த்தால், பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் அருகே இருக்க வேண்டும். 120 என்றால் கேன் கம்பியின் இரு கோடிகளில் ஒன்றில் இருக்க வேண்டிய தடை விடுபட்டிருக்கிறது. இதற்கெல்லாம் இம்மீட்டர் போதும். மஞ்சள் இணைப்பிகள் கொண்ட ஏர்பேக் சுற்றில் மட்டும் எந்த மீட்டரின் முனையையும் வைக்கக் கூடாது.

மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் கணினிகளுக்கென்று தனி 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியில் நிறையச் சார்ஜ் இருந்தும், இந்தச் சிறியது இறங்கிவிட்டதால் கதவுகூடத் திறக்காமல் நின்ற வண்டிகள் உள்ளன. அந்த 12 வோல்ட் பக்கத்தில் இக்கருவியை மேலே சொன்னபடியே பயன்படுத்தலாம். ஆனால் அவ்வண்டிகள் அவ்வப்போது தாமே விழித்துச் சிறிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்பதால், இடையில் எண் குறி மாறிப் பல ஆம்பியருக்குத் தாவினால் அதைக் கோளாறாகக் கொள்ள வேண்டாம். ஆரஞ்சு நிற உயர் வோல்டேஜ் கேபிள்களின் அருகே உரிய பயிற்சி இல்லாதவர் இந்த மீட்டரையோ வேறெந்த மீட்டரையோ கொண்டுசெல்லக் கூடாது.

வாங்கும்போது குமிழின் முகப்பில் 2 ஆம்பியர் என்ற குறியும், டிசி மின்னோட்டக் குறியும் இருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். இதே வரிசையில் வரும் வேறு மாதிரிகள் உருவத்தில் மிகவும் ஒத்திருக்கின்றன. ஆனால் சில ஏசி மின்னோட்டத்தை மட்டுமே அளப்பவை, அவை பேட்டரிக் கேபிளில் எதையும் காட்டா. 2 ஆம்பியர் நிலை இல்லாத டிசி கிளாம்ப் மீட்டரோ 10 மில்லி ஆம்பியர், சிலவேளை 100 மில்லி ஆம்பியர் படிகளில்தான் எண்ணைக் காட்டும்; உறங்கும் காருக்கும் உறங்காத காருக்கும் உள்ள வேறுபாடு அந்தப் படிகளுக்குள்ளேயே மறைந்துபோகலாம்.